பதுமி கடற்கரை அரிப்பு: ஆறு நாட்டு ஒப்பந்தம் இருந்தும் ஏன்?

நிலா: ஜார்ஜியாவில், பதுமியில் மருத்துவம் படிக்கிறேன். விமான நிலையத்தை ஒட்டிய அட்லியா பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. கருங்கடலைச் சுற்றியுள்ள ஆறு நாடுகளும் 1992-இலேயே புக்கரெஸ்டில் ஒப்பந்தம் போட்டன, இஸ்தான்புல்லில் நிரந்தரச் செயலகமும் இருக்கிறது. பிறகு ஏன் இந்தக் கரையைக் காக்க முடியவில்லை?

சேந்தன்: அது கருங்கடலை மாசிலிருந்து காப்பதற்கான ஒப்பந்தம். பதுமிக் கரைக்குக் குறைவது கல். நான் வண்டல் நகர்வை ஆய்வு செய்பவன், இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. அங்கே நீங்கள் மிதிக்கும் கூழாங்கற்களைத் தெற்கே சோரோக்கி ஆறு கொண்டுவந்து கொட்டியது, அலைகள் வடக்கே நகர்த்தின. ஆற்றின் பெரும்பகுதி துருக்கியில் ஓடுகிறது. அங்கே முராத்லி, போர்ச்கா, 249 மீட்டர் உயர தெரினேர், அப்புறம் யூசுஃபெலி என்று அணை மேல் அணை. தண்ணீர் இறங்கி வருகிறது, கல் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. தப்பி வருவதிலும் ஒரு பங்கு முகத்துவாரத்தை ஒட்டிய கடலடிப் பள்ளத்தாக்கில் விழுந்துவிடும். 1927-இல் சோவியத் ஒன்றியமும் துருக்கியும் எல்லை ஆறுகளைப் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தபோது பேசியது தண்ணீரைப் பற்றித்தான்.

யாழினி: பழியெல்லாம் அணைகளுக்குப் போகக் கூடாது. சோவியத் காலத்தில் கட்டுமானத்துக்காகக் கரையிலிருந்தே சரளை அள்ளினார்கள். பதுமிக்கு வடக்கே உள்ள துறைமுக நகரான போத்தியில் 1939-இல் ரியோனி ஆற்றை வடக்கே திருப்பிவிட்டதும் நகரத்துக் கரை அரிபடத் தொடங்கியது.

நிலா: அப்படியானால் வெளிநாட்டு உதவித் திட்டங்கள் எல்லாம் வீண்தானா அண்ணா?

சேந்தன்: யாழினி சொல்வது சரி. உதவி வீண் போகவில்லை, நிலா. உலக வங்கி ஆதரவோடு 1990களின் இறுதியில் தொடங்கிய கடலோர மேலாண்மைத் திட்டம்தான் ஜார்ஜியாவின் கருங்கடல் கரையில் கொல்கேத்தி தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றது. கொல்கேத்தியின் ஈரநிலங்கள் 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஆனால் அதெல்லாம் ஒரே நாட்டுக்குள் முடிகிற வேலை. நீங்கள் சொன்ன 1992 ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் கருங்கடல் ஆணையத்தில் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அங்கே சுற்றுச்சூழல் துறையினரோடு அணைகளை இயக்குபவர்களையும் உட்கார வைக்க வேண்டும். அட்லியாவில் கல் கொட்டி நிரப்பும் செலவில் ஒரு பங்கை அந்த அணைகள் தரும் மின்சாரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.