கார்-டி செல்: 7-ஆம் நாளில் வெறும் 6%. ரத்தமா, வைரஸா, ஸ்டெயினிங்கா?

96கிணறு:

வணக்கம். பி-செல்லின் மேலிருக்கும் சிடி19 புரோட்டீனைக் குறிவைக்கும் கார் என்ற செயற்கை ரிசெப்டார் (பிடிக்கும் பகுதி எஃப்எம்சி63, சிக்னல் பகுதிகள் 4-1பிபி, சிடி3 ஜீட்டா) ஒன்றை மனித டி-செல்களில், ஜீனைச் சுமக்கும் லென்டிவைரஸ் வழியாக ஏற்றும் வேலை. ஆய்வகச் சோதனைக்கு மட்டும்தான், நோயாளிக்குப் போகிற சரக்கு இல்லை. நெறிமுறைக் குழு, உயிர்ப்பாதுகாப்புக் குழு இரண்டின் அனுமதியும் உண்டு. செய்த முறை:

இடிடிஏ குழாயில் 20 மிலி ரத்தம், மாலையில் எடுத்தது. ராத்திரி முழுக்க 4 டிகிரி ஃபிரிட்ஜில். காலையில் சம அளவு பிபிஎஸ் கலந்து, ஃபைகால் (அடர்த்தியால் செல்களைப் பிரிக்கும் திரவம்) மேல் ஏற்றி, 400 ஜி-யில் 30 நிமிடம், பிரேக் இல்லாமல். ஃபைகாலும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததுதான். கழுவிய பிறகும் பெல்லட் சற்றுச் சிவப்பு. மீடியத்தில் 5% மனித ஏபி சீரம், ஐஎல்-2 100 யூனிட். மொத்த பிபிஎம்சி (ஃபைகால் படலத்தில் கிடைக்கும் வெள்ளையணுக்கள்) எண்ணிக்கைக்கு 1:1 என்று, டி-செல்லைத் தூண்டும் சிடி3/சிடி28 பீட்ஸ்.

24 மணி நேரம் கழித்து 5 லட்சம் செல்லுக்கு எம்ஓஐ (செல்லுக்கு எத்தனை வைரஸ்) 5 என்று கணக்குப் போட்டு வைரஸ், கூடவே வைரஸ் ஒட்ட உதவும் பாலிபிரீன் 8 மைக்ரோகிராம்/மிலி. ஸ்டாக்கின் டைட்டர் (வைரஸ் செறிவு) பி24 எலைசாவில் மிலிக்கு 40 கோடி, அதனால் 6.25 மைக்ரோலிட்டர் போதும் என்று வந்தது.

7-ஆம் நாள், காரைக் காட்டும் புரோட்டீன்-எல் ஸ்டெயினிங்: கார் 6%, உயிருள்ள செல்கள் 60%. வைரஸே போடாத மாக் குழாயிலும் 4% காட்டுகிறது. அதைப் பொருட்படுத்த வேண்டுமா? எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

பஃபிகோட்:

ரத்தத்துல இருந்தே ஆரம்பிங்க. ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சதுதான் முதல் கோளாறு. எடுத்து நேரம் ஆக ஆக நியூட்ரோஃபில்ங்கற வெள்ளையணு கிளர்ந்து அடர்த்தி குறைஞ்சுடும். ஃபைகால் வழியா அடிக்கு இறங்க வேண்டியது, பிபிஎம்சி படலத்திலேயே மிதக்கும். அதுங்க விடற ஆர்ஜினேஸ் என்சைமும் ஆக்சிஜன் ரேடிக்கலும் டி-செல் பெருகறதை அமுக்கும். 60% உயிர்ப்புக்கு இதுவே பாதிக் காரணமா இருக்கலாம். ரத்தத்தை அறை வெப்பத்திலேயே வைங்க, 18–22 டிகிரி. 8 மணி நேரத்துக்குள்ள ஏத்திடுங்க. மாலை ரத்தம்னா அன்னைக்கு ராத்திரியே வேலை, வேற வழியில்லை.

ஃபைகாலும் அறை வெப்பத்துக்கு வரணும். 1.077-ங்கற அடர்த்தி 20 டிகிரிக்குச் சொன்னது, குளிர்ந்தா கூடிடும். குளிர்ல சிவப்பணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரள்றதும் மந்தம். திரளாதது இறங்காம நடுவுல தங்கிடும். உங்க சிவப்பு பெல்லட் அதுதான். இப்போதைக்கு சிவப்பணுவை உடைக்கற ஏசிகே பஃபர்ல 3 நிமிஷம் வெச்சுக் கழுவினா சிவப்பு போயிடும், நியூட்ரோஃபில் போகாது.

ஏத்தும்போது குழாயைச் சாய்ச்சுப் பிடிச்சு, பிப்பெட் நுனியைச் சுவர்ல வெச்சு, ரத்தம் சுவரோரமா வழிஞ்சு இறங்கணும். கோடு கத்தியால வெட்டின மாதிரி நிக்கணும். கலங்கினா அந்தக் குழாயை மறந்துடுங்க. செட்டிங் ஜி-யிலயா ஆர்பிஎம்-லயான்னும் பாருங்க. ரோட்டர் மாறினா ஆர்பிஎம் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கடைசிக் கழுவல் 200 ஜி, 10 நிமிஷம். பிளேட்லெட் மேலேயே தங்கிடும், கொட்டிடலாம். மிலி ரத்தத்துக்கு 10 முதல் 20 லட்சம் பிபிஎம்சி வந்தா சரியான விளைச்சல்.

பீட்ஸ் கணக்கும் தப்பு. பிபிஎம்சி-ல டி-செல் பாதிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். முதல்ல சிடி3 ஸ்டெயின் பண்ணி, அந்த எண்ணிக்கைக்குத்தான் 1:1. பீட்ஸ் பாட்டிலை 30 விநாடி வோர்டெக்ஸ் பண்ணாம எடுத்தா மேல இருக்கற வெறும் தண்ணிதான் கைக்கு வரும்.

வைரஸ் போடறதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்ல ஒரு பார்வை. செல்லும் பீட்ஸும் திராட்சைக் கொத்தா சேர்ந்திருக்கணும். தனித்தனியா உருண்டுட்டு இருந்தா வைரஸை வீணாக்காதீங்க. விஎஸ்வி-ஜி புரோட்டீனை உறையில பூண்ட வைரஸ் எல்டிஎல் ரிசெப்டார் வழியா நுழையுது. தூங்கற டி-செல்ல அது ரொம்பக் குறைவு. சந்தேகம்னா 24 மணிக்கு, டி-செல் கிளர்ந்ததுக்கு அடையாளமான சிடி69, சிடி25 ரெண்டையும் பாருங்க.

கப்பாசங்கிலி:

ரத்தம் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் பதிவில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த மாக் 4%. அதை விட்டுவிட்டு 6%-ஐப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

புரோட்டீன்-எல் காரை மட்டும் பார்த்து ஒட்டுவதில்லை. ஆன்டிபாடியின் கப்பா லைட் செயின்களில் பெரும்பாலானவை எங்கிருந்தாலும் ஒட்டும். எஃப்எம்சி63 எலி ஆன்டிபாடியிலிருந்து வந்த கப்பா, அதனால்தான் காரைக் காட்டுகிறது. சிடி3, சிடி4, சிடி8 ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவையும் கப்பாதான். எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்துப் போட்டால், செல் மேல் உட்கார்ந்த சிடி3 ஆன்டிபாடியிலும் புரோட்டீன்-எல் ஒட்டும்: பொய்யான பாசிட்டிவ். மிதக்கும் ஆன்டிபாடிகள் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும்: உண்மையான கார் குறைந்து தெரியும். இரண்டு பிழைகளும் ஒரே குழாயில், எதிரெதிர்த் திசையில்.

போதாக்குறைக்கு 5% ஏபி சீரம். அதிலிருக்கும் மனித ஐஜிஜி (ஆன்டிபாடி) பெரும்பாலும் கப்பா சுமந்ததுதான்.

வரிசை இப்படி இருக்க வேண்டும். செல்களை 1% பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ்ஸில் மூன்று முறை கழுவுங்கள். பயோட்டின் ஒட்டிய புரோட்டீன்-எல் மட்டும், 4 டிகிரியில் 30 நிமிடம். மறுபடி மூன்று முறை கழுவி, பயோட்டினைப் பிடித்து ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடின்-பிஇ. கழுவி, அதன் பிறகே சிடி3-யும் உயிர்ப்புச் சாயமும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் எண்ணும் முறை) கேட்டை, அதாவது தேர்வு எல்லையை, சிடி3 பாசிட்டிவில் வையுங்கள். எஞ்சிய பி-செல் இருந்தால் அதன் மேற்பரப்பு ஐஜி-யும் கார் போலவே தெரியும். எஃப்எம்சி63-ஐ மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி வாங்க வசதியிருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

டி-செல்லில் கார் சதவீதத்தை 5-ஆம் நாளுக்கு முன் பார்க்காதீர்கள். ஜீனோமில் சேராத டிஎன்ஏ-விலிருந்தும், வைரஸ் உறையோடு ஒட்டி வந்த புரோட்டீனிலிருந்தும் முதல் சில நாட்கள் பொய் சிக்னல் வரும்.

டைட்டர்தாத்தா:

நோய் மேலே இருவரும் சொன்னதிலும் இருக்கிறது. ஆனால் முக்கியக் கோளாறு பி24 கணக்கு.

பி24 எலைசா வைரஸின் கூடாக அமையும் புரோட்டீனை அளக்கிறது. ஒரு நானோகிராம் பி24 என்றால் ஏறக்குறைய 1.25 கோடி துகள். அதில் செல்லுக்குள் போய் ஜீனோமில் சேரும் திறனுள்ளது நூற்றில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோதான். மிச்சமெல்லாம் வெற்றுக் கூடு, குறையுள்ள துகள், தனியாக மிதக்கும் பி24.

உங்கள் எண்ணையே வைத்துப் பாருங்கள். 6-இல் 4 போனால் 2%. பாய்சான் நிகழ்தகவுக் கணக்கில் 2% பாசிட்டிவ் என்றால் உண்மையான எம்ஓஐ 0.02. நீங்கள் போட்டதாக நினைத்தது 5. இடைவெளி 250 மடங்கு, நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் அழகாக உட்காருகிறது.

செயல் டைட்டர் (உண்மையில் செல்லில் ஏறும் வைரஸின் அளவு) எடுங்கள். கிணற்றுக்கு 1 லட்சம் ஜுர்கட் செல் (ஆய்வகத்தில் வளரும் டி-செல் வரிசை), வைரஸ் 0.1, 0.5, 1, 5, 20 மைக்ரோலிட்டர். 72 மணி கழித்து ஃப்ளோ. 5-க்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் விழும் கிணறுகளை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்கு மேல் ஒரே செல்லில் இரண்டு மூன்று பிரதி ஏறியிருக்கும், டைட்டர் குறைவாகக் காட்டும். ஜுர்கட்டில் வந்ததைவிட, ரத்தத்திலிருந்து எடுத்த முதன்மை டி-செல்லில் குறைவாகத்தான் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்டாக்கை எத்தனை முறை உருக்கினீர்கள்? 50 மைக்ரோலிட்டர் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்து, ஒருமுறை உருக்கியதைத் திரும்ப வைக்காமல் இருப்பதே நல்லது.

பாலிபிரீனை விடுங்கள், டி-செல்லுக்கு நஞ்சு. புரோட்டமின் சல்ஃபேட் 10 மைக்ரோகிராம்/மிலி போதும். 5 லட்சம் செல்லை 48 கிணறு தட்டில் 250 மைக்ரோலிட்டரில் வைத்து வைரஸ் போடுங்கள், மறுநாள் மீடியம் சேர்த்து விரியுங்கள். பெரிய ஃப்ளாஸ்கில் கொட்டினால் வைரஸும் செல்லும் சந்திப்பதற்குள் வைரஸ் செத்துப்போகும்.

வெள்ளையணு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிடி19 கார் ரத்தப் புற்றுக்கு என்று தெரியும். உடலே தன்னைத் தாக்கும் லூபஸுக்கும் கொடுக்கிறார்களாமே, அதே செல்லா?

கப்பாசங்கிலி:

கரு ஒன்றுதான். சிடி19 பி-செல்லின் அடையாளம். புற்றாகிப்போன பி-செல்லையும் அழிக்கும், தன் உடலுக்கு எதிராக ஆன்டிபாடி சுரக்கும் பி-செல்லின் வம்சத்தையும் அழிக்கும். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கியோர்க் ஷெட் குழு 2021-இல் ஒரு லூபஸ் நோயாளியையும், 2022-இல் ஐந்து பேரையும், 2024-இல் லூபஸ், தசை அழற்சி, ஸ்கிளீரோடெர்மா மூன்றும் சேர்த்துப் பதினைந்து பேரையும் பற்றி வெளியிட்டது. அளவு கிலோவுக்கு 10 லட்சம் கார்-டி செல். 70 கிலோ ஆளுக்கு 7 கோடி. ஐந்து பேர் கட்டுரையில் பி-செல்கள் சராசரியாக 110 நாளில் திரும்பி வந்தன, பெரும்பாலும் இன்னும் எதையும் சந்திக்காத புதுச் செல்களாக, நோய் திரும்பவில்லை.

புற்றுக்கு முதல் அனுமதி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான செல்லுக்கு, ஆகஸ்ட் 2017. இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு அக்டோபர் 2023. அதில் பைண்டர் மனிதச் சாயலுக்கு மாற்றப்பட்டது, எஃப்எம்சி63-இன் எலி வடிவம் அப்படியே இல்லை.

96கிணறு:

மூன்று பேருக்கும் நன்றி. உறைநிலையில் இருந்த அதே 7-ஆம் நாள் செல்களை உருக்கி, புரோட்டீன்-எல் தனியாக முதலில் போட்டுப் பார்த்ததில் மாக் 0.4%, கார் 2.3%. ஜுர்கட்டில் 5 மைக்ரோலிட்டருக்கு 8%. அதாவது மிலிக்கு 16 லட்சம். 40 கோடி இல்லை. எம்ஓஐ 3 வேண்டுமென்றால் 5 லட்சம் செல்லுக்கு கிட்டத்தட்ட 1 மிலி ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றலாமா?

டைட்டர்தாத்தா:

வேண்டாம். வைரஸ் வளர்ந்த பழைய மீடியத்தை அந்த அளவு ஊற்றினால் டி-செல் பட்டினி கிடக்கும், வைரஸை உற்பத்தி செய்த ஹெக் செல்லின் கழிவும் கூடவே வரும். செறிவூட்டுங்கள். 30 மிலி சூப்பர்நேட்டன்ட்டை 0.45 மைக்ரான் பிஇஎஸ் ஃபில்டரில் வடிகட்டி (0.22 வேண்டாம், வைரஸில் ஒரு பங்கு அதிலேயே தங்கலாம்), 25,000 ஆர்பிஎம்-இல் 2 மணி நேரம், 4 டிகிரி, ஸ்விங் பக்கெட் ரோட்டரில். இந்த ஒரு இடத்தில் ஆர்பிஎம் சொன்னதற்கு பஃபிகோட் திட்டுவார்; ஏறக்குறைய 1 லட்சம் ஜி. பெல்லட் கண்ணுக்குத் தெரியாது, குழாயின் அடியில் எங்கே விழும் என்று முன்பே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். 300 மைக்ரோலிட்டர் குளிர்ந்த மீடியம் ஊற்றி ராத்திரி 4 டிகிரியில் விடுங்கள்; வோர்டெக்ஸ் கூடாது. பாதி வீணானாலும் மிலிக்கு 8 கோடி நிற்கும், அப்போது எம்ஓஐ 3-க்கு 19 மைக்ரோலிட்டர். செறிவூட்டியதற்கும் ஜுர்கட் டைட்டர் மறுபடி எடுங்கள், இந்த 8 கோடியை அப்படியே நம்பாதீர்கள்.

அடுத்த பேட்சில் ஹெக் மீடியம் மஞ்சளாவதற்குள் அறுவடை செய்யுங்கள், 48 மணியில் ஒருமுறை, 72-இல் ஒருமுறை. அமிலமான மீடியத்தில் வைரஸ் சாகும்.

கொல்லும் சோதனைக்குப் போகும்போது சிடி19 உள்ள ரத்தப் புற்றுச் செல்லான நால்ம்6 ஒரு பக்கம், சிடி19 இல்லாத கே562 ஒரு பக்கம். இரண்டுக்கும் மாக் டி-செல் கட்டாயம்: வேறொருவரின் செல் என்பதாலேயே மாக் டி-செல்லும் நால்ம்6-ஐக் கொஞ்சம் கொல்லும். 1:1 விகிதத்தை மொத்த டி-செல்லுக்கு இல்லாமல் கார் பாசிட்டிவ் எண்ணிக்கைக்குப் போடுங்கள், மாக்கிலும் அதே மொத்த எண்ணிக்கை வரும்படி சரிக்கட்டுங்கள்.