தாத்தா நடந்த தடமும் சுவரில் மாட்டிய படமும்

டெல்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. மொட்டை மலைச்சரிவில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, ராணுவ லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். மிச்சினா ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த என் தாத்தா 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்து வந்த வழி அதுதான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவந்தேன்.

சென்ற தைப்பூசத்தன்று மலை மந்திரில் தரிசனம் முடித்து எங்களுடன் வந்த ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர் ஒருவர், காபி டம்ளரும் கையுமாகப் படத்தின் அருகே போய் வளைவுகளை விரலால் எண்ணத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்தினார். "சார், இது பர்மாவே இல்லை. சீனாவில் குய்சோ மாகாணத்துச் சிங்லோங். மொத்தம் 24 வளைவுகள்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு தேடிப் படித்ததில் அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. அந்த வளைவுகள் 1935-36இல் வெட்டப்பட்டவை. போர்க்காலத்தில் எடுத்த படம் பர்மா சாலை என்ற பெயரிலேயே பல இடங்களில் அச்சாகிவிட்டது. உண்மையான பர்மா சாலை, சீனாவின் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை 1,154 கி.மீ.; 1937-38இல் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் பெரும்பாலும் கையாலேயே போட்டது. 1942 ஏப்ரலில் லாஷியோ ஜப்பானியர் வசமானதும் சீனாவுக்குத் தரைவழி அடைபட்டது. அதற்கு மாற்றாகத்தான், அந்த ஆண்டு டிசம்பரில், அசாமின் லெடோவிலிருந்து அமெரிக்கப் பொறியாளர் படை புதிய சாலையைத் தொடங்கியது. பாங்சாவ் கணவாய், ஹுகாங் பள்ளத்தாக்கு என்று அது போன வழி, சில மாதங்களுக்கு முன் அகதிகள் நடந்து வந்த அதே வழி. என் தாத்தாவுக்கும் அதுவே வழி.

தாத்தா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. முழங்கால் சேறு, அட்டைக்கடி, தேயிலைத் தோட்டத்தார் அமைத்த முகாமில் கிடைத்த ஒரு குவளைத் தேநீர், அவ்வளவுதான். அவர் சுமந்து வந்த பித்தளைச் சொம்பின் வயிறு ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் இன்றும் சாய்ந்துதான் நிற்கிறது.

*

முனீர்காவிலிருந்து மற்றொருவர் எழுதிய பதில்:

ஐயா, நான் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். டெல்லி அருணாசல் பவனிலேயே இன்னர் லைன் பெர்மிட் (அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கான அனுமதிச் சீட்டு) எடுத்துக்கொண்டு, லெடோவிலிருந்து ஜெய்ராம்பூர் வழியாக நாம்போங் வரை சென்றோம். ஜெய்ராம்பூரில் காட்டுக்குள் பல காலம் மறைந்து கிடந்து 1997இல் வெளிப்பட்ட போர்க்காலக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரும்பாலான மேடுகளில் பெயரே இல்லை. சாலை போட வந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 15,000 பேரில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் என்பதும், சாலைக்கு மட்டும் அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லின் பெயர் வைக்கப்பட்டது என்பதும் அங்கே நிற்கும்போது உறுத்தியது.

படத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள். 1945 ஜனவரி 12 அன்று லெடோவில் கிளம்பிய முதல் கான்வாய் பிப்ரவரி 4இல் குன்மிங் சேர்ந்தது. குன்மிங்கிலிருந்து கிழக்கே போன சரக்கு, சிங்லோங்கின் அந்த 24 வளைவுகளைக் கடந்துதான் போயிற்று.

*

ஆர்.கே. புரத்திலிருந்து:

நன்றி. கழற்றவில்லை. சட்டத்தின் பின்னால் பென்சிலால் 'சிங்லோங், குய்சோ' என்று எழுதிவிட்டு, படத்துக்குக் கீழே சொம்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.