பழைய விண்டோஸ் ஐகான்களோட ஒரிஜினல் படம் எங்க கிடைக்கும்? சுவத்துல பெருசா ஒட்டணும்

தங்கச்சிமடம்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் ரொம்ப காலமா பிரவுசிங் சென்டர் வச்சிருந்தாப்ல, இப்ப அது ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஆயிருச்சு, கடைக்கு பெயின்ட் அடிச்சு புதுசு பண்றோம். ஒரு பக்க சுவத்துல மட்டும் மை கம்ப்யூட்டர், ரீசைக்கிள் பின், நெட்வொர்க் நெய்பர்ஹுட், மைன்ஸ்வீப்பர் குண்டு இதெல்லாம் ஒவ்வொண்ணும் நாலடிக்கு நாலடி பிரிண்ட் போட்டு மாட்டலாம்னு ஐடியா. நெட்டுல எச்டின்னு போட்டு எக்கச்சக்கமா கிடக்கு, ஆனா எறக்கிப் பாத்தா ஓரமெல்லாம் உருட்டி, மினுமினுன்னு புது கலர் கொடுத்து யாரோ திரும்ப வரைஞ்சது, விண்டோஸ் 95ல பாத்த சாமானே இல்ல. பிரிண்ட் போடுற கடைக்காரர் "ஒரிஜினல் ஃபைல் கொண்டா தம்பி"ங்கிறாரு. அந்த ஒரிஜினல் யார்ட்ட இருக்கும்? பரண்ல பழைய சிபியு ஒண்ணு கிடக்கு, உப்புக்காத்துல உள்ள பூரா துரு, ஹார்ட் டிஸ்க் சுத்தவே மாட்டேங்குது.

பாம்பன்_சர்வீஸ்

தம்பி, 95 காலத்து ஐகானுக்கு நீங்க தேடுற மாதிரி பெரிய படம்னு ஒண்ணு கிடையாது. பெருசா வரைஞ்சு சின்னதாக்கினது இல்ல அது, 32க்கு 32 கட்டத்துல ஒவ்வொரு கட்டமா கலர் வச்சு வச்சு செஞ்சது, அந்த 1024 கட்டம்தான் ஒரிஜினல். கலரும் 16தான், அதனால நடுவாந்திர நிழல் வேணும்னா ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் ரெண்டு கலரை மாத்தி மாத்தி வச்சிருப்பாங்க, எச்டின்னு போடுறவங்க முதல்ல அழிக்கிறதே அந்தப் புள்ளியைத்தான், அதுனாலதான் உங்களுக்கு வேற சாமான் மாதிரி தெரியுது.

ஹார்ட் டிஸ்க்கை விடுங்க, அது வேணாம். 95 இல்ல 98 சிடி யார்ட்டயாவது இருக்கும், கேட்டு வாங்குங்க. அதுக்குள்ள எல்லாம் கேப் ஃபைலா, அதாவது சுருக்கிக் கட்டின பொட்டலமா கிடக்கும், செவன் ஜிப்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு திறந்தா திறந்துரும். ஷெல்32.டிஎல்எல்னு ஒரு ஃபைல், மை கம்ப்யூட்டர், ரீசைக்கிள் பின் எல்லாம் அதுலதான் இருக்கு. மைன்ஸ்வீப்பருக்கு வின்மைன்.இஎக்ஸ்இ. ரிசோர்ஸ் ஹேக்கர்ங்கிற சாஃப்ட்வேர்ல திறந்து ஐகானை தனியா சேவ் பண்ணிக்கலாம், ஃபைல் 16 பிட் காலத்துதா இருந்தா அதுல திறக்காது, லினக்ஸ்ல ஐகோயூட்டில்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுல வர்ற ரெஸ்டூல் 16, 32 ரெண்டையும் பிரிக்கும், அப்புறம் ஐகோடூல் போட்டா பிஎன்ஜி ஆயிரும்.

இப்ப ஓடுற விண்டோஸ் 10, 11ல போய் ஷெல்32ஐ திறந்து பாக்காதீங்க, அதுல இருக்கிறது பூரா புதுசா வரைஞ்சது. ஆனா மோரிகான்ஸ்.டிஎல்எல்னு ஒண்ணு விண்டோஸ் 3.1 காலத்துலேருந்து இன்னைக்கு வரைக்கும் கூடவே வருது, விண்டோஸுக்கு முந்தின டாஸ் புரோகிராம்களுக்குன்னு வச்ச ஐகான் எல்லாம் அதுல அப்படியே இருக்கு. எதுக்கு இன்னும் வச்சிருக்காங்கன்னு கேட்டா பதில் இல்ல, ஆனா நல்லதுக்குத்தான்.

பெருசாக்கும்போது படம் எடிட் பண்ற ஜிம்ப்ல இன்டர்போலேஷன் 'நன்'னு வைங்க, அப்பதான் கட்டம் கலங்காம வரும், போட்டோஷாப்னா நியரஸ்ட் நெய்பர். 32ஐ நூறால பெருக்கி 3200க்கு 3200 பண்ணி பிஎன்ஜியாவே கொடுங்க. ஜேபெக்கா கொடுத்தா ஓரத்துல அழுக்கு படிஞ்ச மாதிரி வரும். நாலடின்னா 48 இன்ச், 32ஆல வகுத்தா ஒரு கட்டம் ஒன்றரை இன்ச். தூரத்துலேருந்து பாத்தா அப்படியே பழைய மானிட்டர்தான்.

தொண்டி_2001

அண்ணே சொன்னது 95க்கு சரி, எல்லாத்துக்கும் அப்படி சொல்லிற முடியாது. பின்னாடி வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஐகான் வேற கதை. அதை மைக்ரோசாஃப்ட்டோட சேந்து செஞ்சது ஐகான்ஃபேக்டரின்னு ஒரு டிசைன் கம்பெனி, ஓஎஸ் வந்தது 2001ல. அப்ப எக்ஸ்பி ஐகான் வரையறதுக்குன்னு வெளியிட்ட கைடுலயே முதல்ல வெக்டர்ல (கட்டமா இல்லாம கோடா வரையறது, எவ்வளவு இழுத்தாலும் உடையாது) வரைங்க, அப்புறம் சின்ன சைஸுக்கு கொண்டு வாங்கன்னுதான் இருந்துச்சு. அதனால எக்ஸ்பிக்கு உண்மையிலேயே பெரிய ஒரிஜினல்னு ஒண்ணு இருந்திருக்கும், ஆனா சிடில நமக்கு வந்தது 48, 32, 16 மூணு சைஸ்தான். அதை நாலடிக்கு இழுத்தீங்கன்னா கட்டமும் அழகா இருக்காது, மென்மையாவும் இருக்காது, ரெண்டுங்கெட்டானா நிக்கும். அதுக்கு அடுத்த விண்டோஸ் விஸ்டாலதான் 256 சைஸ் வந்துச்சு. அதனால சுவத்துக்கு 95ஓட நிறுத்திக்கங்க.

பாம்பன்_சர்வீஸ்

அது சரிதான், நான் 95ஐ மனசுல வச்சுத்தான் சொன்னேன், தம்பியும் அதைத்தான கேட்டாப்ல.

வாலிநோக்கம்_வாசு

எக்ஸ்பின்னதும் அந்த பச்சை மேடு வால்பேப்பரையும் போடுங்க பாஸ், நம்ம ராம்நாட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலம், சுவத்துலயாவது புல்லு முளைக்கட்டும்

தொண்டி_2001

@வாசு அது நிஜ போட்டோ, கலிஃபோர்னியா சோனோமா பக்கம் 1996ல சார்லஸ் ஓரியர்ங்கிற போட்டோகிராஃபர் ஃபிலிம்ல எடுத்தது. எக்ஸ்பி கூட வந்த ஃபைல் 800க்கு 600தான், சுவர் சைஸுக்கு தாங்காது.

கீழக்கரை_துபாய்

ஒரிஜினல்னா பேப்பர்ல வரைஞ்சதே இருக்கிற ஐகானும் உண்டு, அதை யாருமே சொல்லலியே. சூசன் கேர்னு ஒரு அம்மா, 1984ல வந்த முதல் மேக்கின்டாஷுக்கு ஐகான் வரைஞ்சவங்க. அப்ப மேக்ல ஐகான் எடிட்டரே ரெடியாகல, அதனால கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போட்ட கிராஃப் நோட்டு வாங்கி, 32க்கு 32 கட்டத்தை பென்சில், பேனாவால நிரப்பித்தான் ஆரம்பிச்சாங்க. சிரிக்கிற மேக், குண்டு, குப்பைத்தொட்டி எல்லாம் அவங்க கைதான். அந்த நோட்டுப் பக்கங்களை நியூயார்க்ல இருக்கிற மோமா மியூசியம் 2015ல வாங்கி வச்சிருச்சு. மேக் கீபோர்டுல கமாண்ட் கீல இருக்கிற அந்த சுருள் குறி இருக்குல்ல, அது ஸ்வீடன்ல சுற்றுலா இடத்தைக் காட்ட வைக்கிற போர்டுல இருந்து எடுத்தது.

இன்னொண்ணு, விண்டோஸ் 3.0க்கும் நிறைய ஐகான் அவங்கதான் வரைஞ்சாங்க, சாலிட்டேர் சீட்டுக்கட்டும் அவங்களோடதுதான். அண்ணன் கடையில உக்காந்து எத்தனை பேரு அந்த சீட்டை தேச்சிருப்பாங்க, அதை விட்டுட்டு நெட்வொர்க் நெய்பர்ஹுட்டைப் போய் யாரு தம்பி பாக்கப் போறா?

தங்கச்சிமடம்_தம்பி

சீட்டுக்கட்டு சூப்பர் கீழக்கரை காக்கா, கண்டிப்பா போடுறேன். பாம்பன் அண்ணே, ஃப்ரெண்டு ஒருத்தன்ட்ட 98 சிடி கிடைச்சிருச்சு, ஷெல்32ல இருந்து எடுத்துட்டேன், ஆனா ரீசைக்கிள் பின்னுக்கு சுத்தி கருப்பா பெட்டி மாதிரி வருது, அது ஏன்?

பாம்பன்_சர்வீஸ்

பழைய ஐகான்ல படம் ஒண்ணு, மாஸ்க் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். எந்தக் கட்டத்துல பின்னாடி இருக்கிறது தெரியணும்னு மாஸ்க் சொல்லும், படத்துல அந்த இடம் வெறும் கருப்பா கிடக்கும். நீங்க பிஎம்பியா சேவ் பண்ணிருப்பீங்க, மாஸ்க் விட்டுப்போச்சு. ஐகோவாவே சேவ் பண்ணி ஜிம்ப்ல திறங்க, பின்னாடி தானா காலியாயிரும். அதுக்குக் கீழ 95 டெஸ்க்டாப்போட அந்த நீலப்பச்சையை ஒரு லேயரா போட்டு விடுங்க, அந்தக் கலர் இல்லாம ஐகானுக்கு உசுரே இல்ல. சிவப்பு 0, பச்சை 128, நீலம் 128.

ஒரே ஐகானுக்குள்ள 16 சைஸ், 32 சைஸ்னு நாலஞ்சு படம் இருக்கும், 98ல 256 கலர்லயும் இருக்கும். அதுல 32 சைஸ், 16 கலர் எதுன்னு பாத்து எடுங்க.

ஓலைக்கொட்டான்

தம்பி நான் பெரியபட்டினம் பக்கம், வீட்ல ஓலை முடையறோம். 32க்கு 32 கட்டம்னு படிச்சதும் கை அரிக்குது. அந்த மேக் படத்தை பனை ஓலையில போட்டா என்ன? அரை இன்ச் ஓலைன்னா பதினாறு இன்ச் சதுரத்துல முடிஞ்சுரும். ஆனா சும்மா முடைஞ்சா வராது, குறுக்கும் நெடுக்குமா மாறி மாறிப் போறதால நெனச்ச கட்டத்துல நெனச்ச கலர் நிக்காது. முதல்ல வெள்ளை ஓலையில தளம் முடைஞ்சுட்டு, கருப்பு சாயம் ஏத்தின ஓலையை மேல செருகி செருகித்தான் கொண்டு வரணும். ரெண்டு கலர்னா முடியும். 16 கலரெல்லாம் நமக்கு ஆகாது, சாயம் காய்ச்சியே வருஷம் போயிரும்.

கீழக்கரை_துபாய்

லாத்தா செஞ்சீங்கன்னா எனக்கு ஒண்ணு, நெசமாத்தான் சொல்றேன், ஊருக்கு வரும்போது வாங்கிக்கிறேன். பிக்சல்ல வரையறதே மொசைக், நூல் தையல் வேலை மாதிரிதான்னு அந்த அம்மாவே பேட்டில சொல்லிருக்காங்க.

சாயல்குடி_லினக்ஸ்

ஒரு விஷயம், மைக்ரோசாஃப்ட் ஐகானுக்கும் ஆப்பிள் ஐகானுக்கும் காப்பிரைட் இருக்கு. உங்க கடை உள்சுவத்துல வச்சா ஒருத்தரும் கேக்கப் போறதில்ல, ஆனா வாசல் போர்டு, விசிட்டிங் கார்டு, டிஷர்ட் போட்டு விக்கிறது இதுக்கெல்லாம் போயிராதீங்க. அங்க வேணும்னா டாங்கோ ஐகான் எடுங்க, 2005 வாக்குல லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வரைஞ்சது, இப்ப பொதுச்சொத்தா விட்டுட்டாங்க. வெக்டர் ஃபைலே கிடைக்கும், பஸ் சைஸுக்கு இழுத்தாலும் உடையாது. நீங்க கேட்ட ஒரிஜினல் ஃபைல் பொட்டலம் பிரிக்காம கிடைக்கிற ஒரே இடம் இந்த மாதிரி லினக்ஸ்தான், ஆனா யாரும் ஞாபகம் வச்சுக்கிட்டு சுவத்துல ஒட்டணும்னு கேக்கமாட்டாங்க, அதான் வருத்தம்.

தங்கச்சிமடம்_தம்பி

வாசல் போர்டுக்கு டாங்கோ பிரிண்டர் ஐகானே போட்டுக்கிறோம். கடைசியா ஒண்ணு, அந்த மணல் கடிகாரம் ஷெல்32ல இல்லியே?

பாம்பன்_சர்வீஸ்

அது கர்சர், ஐகான் கிடையாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள கர்சர்ஸ்னு ஒரு ஃபோல்டர் வரும், சிடில கேப் ஃபைலுக்குள்ள தேடுங்க, ஹவர்கிளாஸ்.ஏஎன்ஐ. அதுக்குள்ள சுத்தறதுக்கு நிறைய ஃபிரேம் இருக்கும், நல்லதா ஒண்ணு எடுத்துக்கங்க.

ஆங், ஸ்டிக்கரா நேரா சுவத்துல ஒட்டிறாதீங்க. உங்க ஊரு சுவரு உப்பு பூத்து ஒரு மழையில பொரிஞ்சு ஸ்டிக்கரோட வந்துரும். சன்போர்டுல ஒட்டச் சொல்லி, துருப்பிடிக்காத ஸ்க்ரூவா வாங்கி, சுவத்துக்கும் போர்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்க. பிரிண்ட் கடையில "ஷார்ப்பா பண்ணித் தர்றேன்"னு எதையாச்சும் தட்டப் போவாரு, தட்ட விடாதீங்க, பக்கத்துலயே நில்லுங்க.