பழைய மோட்டார் சைக்கிளின் பெற்றோல் முள்: திருத்துவதா, மறந்துவிடுவதா?

தீவகத்தான்:
சென்ற மாதம் 150 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலைகள் ஏறிய ஏற்றத்தில், கிடைத்ததே போதும் என்ற அவசரத்தில் பெற்றோல் முள்ளை நான் கவனிக்கவில்லை. கடந்த ஞாயிறு யாழ்ப்பாண நகரத்திலிருந்து வேலணைக்குப் புறப்பட்டபோது, முள் அரைத் தாங்கியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கடலின் குறுக்கே செல்லும் பண்ணைத் தாம்போதியின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் தாங்கியின் அடித்தகடு தெரிந்தது. சோழகக் காற்று எதிர்த்து அடித்ததால் நகரத்துக்கே திருப்பித் தள்ளி வந்தேன். கராஜில், தாங்கிக்குள் பெற்றோல் மட்டத்தை அளக்கும் மிதவையை மாற்றச் சொல்கிறார்கள். விற்றவரோ எல்லா வண்டியிலும் முள் அப்படித்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கோண்டாவிலான்:
தம்பி, அந்த முள்ளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் தந்த நாட்களில் எவரும் முள்ளைப் பார்த்து ஓடவில்லை; ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது அனைவருக்கும் மனப்பாடமாக இருந்தது. தாங்கியை நிறைத்து, ஓடிய தூரத்தைத் தனியாகக் காட்டும் ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள், சில நாட்கள் ஓடி மீண்டும் அதே மட்டத்துக்கு நிறையுங்கள், ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லீற்றரால் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் தாங்கியின் அடியில் மிஞ்சும் ரிசேவ் பெற்றோல் இருக்கிறது. போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டி, கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைப் பொத்திவைத்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே அல்ல.

மின்கம்பி:
கோண்டாவிலான் அண்ணாவின் கணக்கு சரி. ஆனால் அது சொந்த வண்டியை நன்கு அறிந்தவருக்கான கணக்கு. பாவித்து வந்த வண்டியில் கிலோமீற்றர் மீற்றரே மாற்றப்பட்டதா என்பது தெரியாது. பின்னால் ஆள் ஏறினாலும் எதிர்க்காற்று அடித்தாலும் செலவு கூடும். குழாயில் கசிவு இருந்தாலோ, நிறுத்திய இடத்தில் யாராவது பெற்றோலை இழுத்தாலோ ரிப் மீற்றருக்கு அது எப்படித் தெரியும்? ரிசேவ் பற்றி ஒரு கேள்வி: தம்பியின் வண்டி நின்றபோது தாங்கியின் கீழுள்ள பெற்றோல் ரப் (பெற்றோலைத் திறந்து மூடும் திருகு) எந்த நிலையில் இருந்தது? அதற்குள் உயரமாக ஒரு குழாயும் அடிமட்டத்தில் ஒரு துளையும் உண்டு. உயரக் குழாய் வற்றும்போது வண்டி திணறுவதுதான் எச்சரிக்கை. முன்னைய உரிமையாளர் ரப்பை ரிசேவிலேயே விட்டிருந்தால் அந்த எச்சரிக்கை ஒருபோதும் வராது.

மிதவை ஒரு கம்பியின் முனையில் ஏறி இறங்க, மறுமுனை மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் உரசி நகர்கிறது. அந்தத் தடைக்கு ஏற்பவே முள் அசைகிறது. பட்டை தேய்ந்தாலோ, மிதவைக்குள் பெற்றோல் புகுந்து அது அமிழ்ந்தாலோ, வயர் இணைப்பில் துரு ஏறினாலோ முள் பொய் சொல்லும். உப்புக்காற்றில் ஓடும் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது இணைப்பைத்தான். தாங்கிக்கு வெளியே அதைக் கழற்றி, மிதவையின் பக்கத்தில் மல்ரிமீற்றரை வைத்து, பெற்றோல் ஏற ஏறத் தடை சீராக மாறுகிறதா என்று பாருங்கள். சீராக மாறினால் மிதவை மாற்றத் தேவையில்லை.

கோண்டாவிலான்:
ரப் பற்றிய கேள்வி நியாயமானது. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஆயினும் மிதவையை மாற்றப்போனவர்களின் கதை வேறு. சந்தையில் கிடைக்கும் மாற்று உறுப்பின் தடை மீற்றரோடு ஒத்துப்போகாமல் முள் புதிதாகப் பொய் சொன்னதைக் கண்டிருக்கிறேன். பழைய இறப்பர் வளையத்தையே மீண்டும் போட்டதால் கசிந்து, சூடான இயந்திரத்தின் மேல் பெற்றோல் சொட்டியதையும் கண்டிருக்கிறேன். பொய் முள்ளைவிட அது ஆபத்து.

மின்கம்பி:
வளையம் புதிதாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கழற்றிய ஒருவரின் கவனக்குறைவை முள்ளின் கணக்கில் எழுதுவது சரியல்ல. இன்று வரும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் ரிசேவ் ரப்பே கிடையாது. தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெற்றோல்தான். அந்த வண்டிக்காரருக்கும் முள்ளை மறக்கச் சொல்வீர்களா?

கோண்டாவிலான்:
அந்த வண்டிகளுக்குச் சொல்ல மாட்டேன். இங்கே கேட்டவரின் வண்டி அதுவல்ல.

தீவகத்தான்:
இருவருக்கும் நன்றி. ரப் ரிசேவில்தான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. நேற்று இணைப்பைக் கழற்றியபோது ஊசிகள் பச்சையாகப் பூத்திருந்தன. மல்ரிமீற்றரில் தடை சீராகவே மாறியது. ஊசிகளைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் முள்ளின் துள்ளல் நின்றது. பின்பு தாங்கியை வடித்து, வண்டியை நடு ஸ்ராண்டில் நேராக நிறுத்தி, லீற்றர் லீற்றராக ஊற்றிப் பார்த்தேன். முதல் 2 லீற்றருக்கு முள் அசையவே இல்லை. மூன்றாவதில் திடீரெனக் கால் தாங்கி அளவுக்கு ஏறியது. 9இலிருந்து நிறைவைக் காட்டியபடியே நின்றது. சைட் ஸ்ராண்டில் சாய்த்தால் வேறு அளவு காட்டுகிறது.

கோண்டாவிலான்:
திருத்திய பிறகும் 9 லீற்றருக்கும் 12 லீற்றருக்கும் ஒரே இடத்தில் நிற்கும் முள் அது. ரிப் மீற்றரைக் கைவிடாதீர்கள், ரப்பையும் இன்றே ரிசேவிலிருந்து வழமையான ‘ஓன்’ நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

மின்கம்பி:
நடுச்சட்டத்தின் இரு பக்கமும் தொங்கும் தாங்கியில் மட்டம் ஒரே சீராக ஏறாது. முள் அடியைத் தொடும்போது 2 லீற்றர் மிச்சம் என்பது இப்போது அவருக்குத் தெரியும், சென்ற ஞாயிறு தெரியவில்லை. தம்பி, மாரி தொடங்குவதற்கு முன் அந்த ஊசிகளுக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் தை மாதத்தில் மீண்டும் பூக்கும்.