ஞாயிறு கடையா, ஞாயிறு பூசையா?

முத்தியால்பேட்டை ஜவுளி:
புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நைட்டி, பசங்க துணி போட்டு விக்கிறேன். மத்த நாள் வண்டியில் கட்டிக்கிட்டு ஊர் ஊரா போனாலும், ஞாயிறு வியாபாரம்தான் வீட்டை ஓட்டுது. கொரோனா ஊரடங்குல வாங்கின தண்டல் கடன் இன்னும் முடியல. ரெண்டு வருஷமா ஞாயிறு பூசைக்குப் போகல. பக்கத்துல மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோவில். நான் தார்ப்பாய் விரிக்கிற நேரம் ஜனங்க பூசைக்குப் போறாங்க. போன வாரம் எங்க அன்பியத்துல (எங்க தெரு கத்தோலிக்கக் குடும்பங்க கூடற ஜெபக் கூட்டம்) பைபிள்ல மத்தேயு 6:24 வாசிச்சாங்க. கடவுளுக்கும் செல்வத்துக்கும் சேர்ந்து பணிவிடை செய்ய முடியாதுங்கற வசனம். ஒரு பெரியவர் என்னையே பார்த்தார். நூத்தைம்பது ரூபா நைட்டி விக்கறவன் செல்வத்துக்கா பணிவிடை செய்யறான்? மனசு ஆறல, அதான் கேக்கறேன்.

மஞ்சக்குப்பம் சகோதரன்:
ஸ்தோத்திரம் சகோதரரே. உங்களைப் புண்படுத்த எழுதல. ஆனா செல்வம்னா கோடி மட்டுமில்ல. எது உங்களை ஆண்டவர்கிட்ட போக விடாம பிடிச்சு வைக்குதோ, அது நூத்தைம்பது ரூபாயா இருந்தாலும் எஜமான்தான். நான் கடலூர் சிப்காட்டில் வேலை பார்த்தப்ப ஞாயிறு ஷிப்டுக்கு டபுள் சம்பளம். வேணாம்னு எழுதிக் கொடுத்தேன். வீட்ல சண்டை. பொண்ணுக்கு அந்த வருஷம் புது யூனிபார்ம் எடுக்கல. ஆகாய் 1:6 பாருங்க: கூலி வாங்கி பொத்தல் பையில போடறவனைப் பத்தி. கர்த்தருக்குரிய நாளைக் கொடுங்க, அவர் ரெட்டிப்பாத் தருவார்.

நெல்லித்தோப்பு அக்கா:
மாசச் சம்பளம் வாங்கினவர் அன்னாடங்காய்ச்சிக்குப் புத்தி சொல்றது சுலபம் சகோதரரே. தண்டல்காரன் வாசல்ல வந்து நிக்கும்போது "இன்னிக்கு ஆராதனைக்குப் போனேன்"னு சொன்னா விட்டுட்டுப் போவானா? நான் நர்ஸ். ஞாயிறு டூட்டி பாத்திருக்கேன், அந்த வார்டுல ஜெபமும் பண்ணியிருக்கேன். இயேசுவோட கூட வந்த யோவன்னா, சூசன்னா எல்லாம் தங்கள் உடைமையால பணிவிடை செஞ்சாங்கன்னு லூக்கா 8-ல இருக்கு. காசே இல்லாம அந்தப் பயணம் நடக்கல. பவுலைத் தன் வீட்ல தங்க வச்ச லீதியா யாரு? செந்நிற ஆடை விக்கிற பொம்பள. நம்ம தம்பி மாதிரி ஜவுளிதான்!

மஞ்சக்குப்பம் சகோதரன்:
அக்கா, லீதியாள் வர்ற அதிகாரத்தை ரெண்டு வரி மேல இருந்து வாசிங்க. அப்போஸ்தலர் 16:13. பவுல் லீதியாளைச் சந்திச்சது கடையில இல்ல. ஓய்வுநாள்ல, ஆற்றங்கரையில, ஜெபம் நடக்கிற இடத்துல. அந்த ஜவுளிக்காரி அன்னிக்கு எங்க இருந்தாங்கறதுதான் விஷயமே.

நெல்லித்தோப்பு அக்கா:
சரி, அதை நான் யோசிக்கல. ஒத்துக்கறேன்.
ஆனா தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம கத்தோலிக்கத் திருச்சபை சட்டப்படி சனிக்கிழமை சாயங்காலத் திருப்பலி, அதாவது பூசை, ஞாயிறு பூசைக் கடமைக்குச் செல்லும். ரெண்டு வருஷமா இதை யாரும் உங்ககிட்ட சொல்லலையா? முறைச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

மஞ்சக்குப்பம் சகோதரன்:
உங்க சபை ஒழுங்கை நான் குறை சொல்லல. ஆனா நேரத்தை மாத்தினா மனசு மாறிடுமா?

பண்ருட்டி முந்திரி:
ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சேன். சகோதரரே, "ரெட்டிப்பாத் தருவார்" என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு ஆகல. 2011 டிசம்பர் 30 விடியல்ல தானே புயல் அடிச்சப்ப எங்க முந்திரித் தோப்பு படுத்துடுச்சு. தாத்தா வச்ச மரங்க. பலா மரமும் வேரோட சாஞ்சுது. எங்கப்பா ஞாயிறு தவறாம ஆராதனைக்குப் போனவர், தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, சபைக்கு எடுத்து வச்சுட்டுத்தான் வீட்டுக்குக் காசு கொடுப்பார். புயலுக்கு அப்புறம் பிரசங்கம் பண்ற ஒரு ஊழியக்காரர் வந்து, "இன்னும் விதைச்சா ஆண்டவர் திருப்பித் தருவார்"னு காணிக்கை கேட்டார். அப்பா ஒண்ணும் பேசாம எழுந்து தோப்புக்குப் போயிட்டார்.

ஆபகூக் 3-ல, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்னு வருது இல்ல, அதை அவரால வாய்விட்டு வாசிக்க முடியல. அந்த வசனம் வந்தா புத்தகத்தை மூடிடுவார். முந்திரி காய்க்க வருஷக்கணக்காகும். புதுக் கன்னு ஒண்ணுகூட காய்க்கறதுக்கு முன்னாடியே ஒரு குடும்ப ஜெபத்துல முழுசா வாசிச்சார். திரும்பக் கிடைச்சதுனால வாசிக்கல. எதுவும் திரும்பாதப்பவே வாசிச்சார். கடையை மூடினா லாபம் வரும்னு மூடறதும் ஒரு வியாபாரம்தானே?

ஜவுளி அண்ணே, உங்களை ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடன் நாளைக்கே அடைஞ்சுட்டா, அடுத்த ஞாயிறு கடை போடுவீங்களா?

மஞ்சக்குப்பம் சகோதரன்:
பண்ருட்டித் தம்பி, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன். அந்த யூனிபார்ம் காசு எனக்கும் திரும்பி வரல. ஆனா அந்த ஷிப்டை விட்டதுக்கு இன்னிக்கும் வருத்தமில்ல.

முத்தியால்பேட்டை ஜவுளி:
பண்ருட்டித் தம்பி கேட்டதுக்கு உடனே "போட மாட்டேன்"னு டைப் பண்ணினேன். அனுப்பல. கடைக்குட்டியைத் தூங்க வச்சுட்டு வந்து கணக்கு நோட்டை எடுத்தேன்.

போன மாசம் என் கடைக்குப் பக்கத்துலயே இன்னொரு இடம் பிடிச்சு, சரக்கு எடுத்துப் போட்டிருக்கேன். அந்தப் பணத்தை தண்டல்ல கட்டியிருந்தா பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும். கட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல. கடனுக்காகத்தான் பூசையை விடறேன்னு வீட்லயும் சொன்னேன், இங்கயும் அதையேதான் எழுதினேன்.

அக்கா, சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு நானும் வீட்டுக்காரியும் போறோம். இருதய ஆண்டவர் கோவிலுக்கு, ஸ்டேஷன் பக்கம். அந்த ரெண்டாவது இடத்தை என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல. சகோதரரே, எனக்காக ஜெபம் பண்ணுங்க.