அந்த இடம் ஏன் காலியானது? பன்னாட்டுப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் சொல்கிறார்கள்

இயற்பியல் ஆசிரியர், ஐக்கிய அரபு அமீரகம்:

சம்பளம், வீடு, விமான டிக்கெட். நேர்காணலின் கடைசியில் "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றதும் எல்லோரும் கேட்பது இந்த மூன்றைத்தான். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த இடம் ஏன் காலியாகிறது? இப்போது இதில் இருப்பவரிடம் நான் பேசலாமா?

இதை நான் இரண்டு பள்ளிகளில் கேட்டேன். முதல் பள்ளியின் முதல்வர் "சொந்தக் காரணத்துக்காகப் போகிறார்" என்று சொல்லிவிட்டு, உடனே நீச்சல் குளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசலாமா என்றதற்கு "அலுவலகத்திலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள்" என்றார். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த பள்ளியிலிருந்து அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது. கிளம்பப் போகிற ஆசிரியரே எழுதியிருந்தார். வீடியோ காலில் பேசினோம், மனிதர் எதையும் மறைக்கவில்லை. ஆய்வக உதவியாளர் ஒருவர்தான், அவரும் பாதி நேரம் வேதியியலுக்குப் போய்விடுவார். பள்ளி முடிந்தபின் நடத்தும் மன்ற வகுப்பு ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, ஆனால் யாரும் தப்ப முடியாது. டிப்ளோமா இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் உள்மதிப்பீடு பாதியில் நிற்கிறது.

கடைசியில் சொன்னதுதான் பெரிய விஷயம். ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) டிப்ளோமா, அதாவது பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுக்கான பன்னாட்டுப் படிப்பு, பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்மதிப்பீட்டுக்காக இயற்பியலில் ஒவ்வொரு மாணவரும் தானே ஒரு கேள்வியை எடுத்து, சோதனையை வடிவமைத்து, அளந்து, அறிக்கை எழுதித் தர வேண்டும். 2025இல் முதல் தேர்வு நடந்த புதிய பாடத்திட்டத்தில் அந்த அறிக்கைக்கு உச்சவரம்பு 3000 சொற்கள். மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. திருத்துவது நாம்தான். அப்புறம் ஐபி சில அறிக்கைகளை மாதிரியாக வாங்கி மறுபடி திருத்திப் பார்க்கும். நாம் கை தாராளமாகப் போட்டிருந்தால், மாதிரிக்குப் போன பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வகுப்புக்கே மதிப்பெண் இறங்கும். வேறொருவர் தொடங்கிவைத்த ஆய்வுகளை நடுவில் வாங்கி முடித்துக்கொடுப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை.

தெரிந்தே ஒப்புக்கொண்டேன். பள்ளியின் அனுமதியோடு கோடை விடுமுறையிலேயே எல்லா வரைவுகளையும் வாங்கிப் படித்துவிட்டேன். பள்ளி திறந்த அன்று எந்தப் பிள்ளையின் ஊசல் சோதனையில் பிழைக்கணக்கு இடிக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு உரையாடல் நடக்காமல் இருந்திருந்தால் இது அக்டோபரில்தான் தெரியவந்திருக்கும்.

சம்பளத்தைப் பற்றியும் கிளம்பிய அந்த ஆசிரியரே சொன்னார். விளம்பரத்தில் போடுவது மொத்தத் தொகை. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள் என்றார். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். கணக்குப் போடுவது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து. ஒரே மொத்தத் தொகை தரும் இரண்டு பள்ளிகளில் ஒன்று அடிப்படையைப் பாதியாகவும் மற்றது முக்கால் பங்காகவும் வைத்திருந்தால், இரண்டாவதில் கிடைக்கும் பணிக்கொடை முதலாவதைப் போல ஒன்றரை மடங்கு. எந்த முதல்வரும் இதைத் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், பல பேருக்கு இது கணக்குப் பிரிவின் விஷயம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, சீனா:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காகித வேலைக்கும் போன வருஷம் சேர்ந்தவரைத்தான் கேட்க வேண்டும். பள்ளி அனுப்பும் ஆவணப் பட்டியல் எந்தக் காலத்தில் தயாரித்தது என்று சொல்ல முடியாது.

அப்போஸ்டில், அதாவது நம் பட்டச் சான்று போன்றவை உண்மையானவை என்று வெளிநாட்டுக்காகத் தரும் அரசுச் சான்று, இந்த விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தால் அப்போஸ்டில் போதும், இல்லையென்றால் தூதரக முத்திரை வரை போக வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, ஒரு நாடு புதிதாகச் சேரும்போது ஏற்கெனவே உள்ள நாடு ஆட்சேபணை தெரிவித்தால், அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் அது செல்லாது. ஆகவே "அந்த நாடு சேர்ந்துவிட்டதா" என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பட்டம் வாங்கிய நாடு, வேலைக்குப் போகும் நாடு, இந்த ஜோடிக்கு என்ன நிலை என்று பாருங்கள். காவல்துறைச் சான்று சொந்த நாட்டிலிருந்து மட்டுமல்ல, நீங்கள் வேலை பார்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிடுவது உத்தமம்.

சீனாவில் வேலைக்கு வருபவர்களுக்கான இசட் விசா என்பது உள்ளே நுழைவதற்குத்தான். வந்து 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும்வரை பாஸ்போர்ட் அதிகாரிகளிடம் இருக்கும், நம் கையில் ரசீதுதான். என்னோடு சேர்ந்த ஒருவர் செப்டம்பரில் ஊருக்குப் போய்வர டிக்கெட் போட்டிருந்தார். ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

சரி, வகுப்பறைக்கு வருகிறேன். பள்ளி திறந்த புதிதில் ஏழு வயசுப் பெண் ஒருத்தி, படம் வரைந்துகொண்டே, "மிஸ், நீங்களும் ரெண்டு வருஷம்தானா?" என்று கேட்டாள். வருத்தமாகவோ புகாராகவோ இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல. முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குத்தான் என்பது நமக்குத் தெரிவதற்கு முன்பே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பெற்றோரின் நாட்டுக்கு வெளியே, வேலை மாற்றலோடு மாறி மாறி வளரும் இவர்களை 1950களிலேயே ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள் என்று பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார். பயிற்சி வகுப்பில் படித்தபோது எனக்கு அது வெறும் குறிப்பாக இருந்தது.

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டிருக்கேன், அப்புறம் தெரியலடா" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வரைவதைத் தொடர்ந்தாள். கடைசியில் அவள் அப்பாவுக்கு டிசம்பரில் மாற்றல் வந்து, அவளே எனக்கு முன் போய்விட்டாள்! இப்போது நடுவாண்டில் யாராவது போனால், விடைபெறுவதற்கென்று அந்த வாரத்தில் நேரம் ஒதுக்குகிறேன். போகிற பிள்ளையைவிட இருக்கிற பிள்ளைகளுக்கு அது அதிகம் தேவைப்படுகிறது. பாடம் இரண்டு நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

ஆங்கில ஆசிரியை ஒருவரின் கணவர்:

வேலை கிடைத்தவர்களே பேசுகிறீர்கள், கூடப் போகிறவன் தரப்பையும் கேளுங்கள். பல நாடுகளில் குடும்ப விசாவில் வந்தவர் வேலை பார்க்கக் கூடாது. ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் என்பதைப் பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். பணம் சமாளித்துக்கொள்ளலாம். பகல் முழுவதும் என்ன செய்வது என்பதைத்தான் நாங்கள் பேசவில்லை, அதற்கு விடை கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் சேர்த்தா, குழந்தைக்குக் கட்டணச் சலுகை முழுசா பாதியா, எந்த வகுப்பிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் இல்லை. இரண்டு பேரும் ஆசிரியர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒரு வீட்டில் இரண்டு ஆசிரியர் கிடைப்பது பள்ளிக்கும் லாபம்தானே.

அறிவியல் துறைத் தலைவர், ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து:

இடம் ஏன் காலியானது என்று கேட்பவரை எனக்குப் பிடிக்கும். எங்கள் குழுவில் அதைக் குறையாக எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை. ஆனால் இயற்பியல் ஆசிரியர் சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு உண்டு. கிளம்புகிறவர் ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். மனக்கசப்போடு போகிறவரும் உண்டு, நல்ல பெயரோடு போக வேண்டும் என்று எல்லாவற்றையும் மெழுகிப் பேசுகிறவரும் உண்டு. அதே துறையில் இருக்கப் போகிற ஒருவரிடமும் பேசுங்கள்.

விளம்பரம் வந்த மாதத்தையும் கவனியுங்கள். ஆகஸ்ட்டில் தொடங்கும் பள்ளிகள் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே "அடுத்த ஆண்டு இருப்பீர்களா" என்று ஆசிரியர்களிடம் எழுத்தில் கேட்டுவிடும். அதிலிருந்து பிப்ரவரி வரைதான் ஆள் எடுக்கும் பருவம். மே, ஜூனில் ஒரு இடம் வருகிறதென்றால் யாரோ திடீரென்று விலகியிருக்கிறார்கள், அல்லது மாணவர் சேர்க்கை கூடி இன்னொரு பிரிவு திறக்கிறார்கள். இரண்டாவது நல்ல செய்தி. எது என்று கேட்டால் சொல்லிவிடுவோம்.

எங்கள் பக்கத்துக் கேள்விகளுக்கும் தயாராக வாருங்கள். பன்னாட்டுப் பள்ளிகளின் அமைப்புகள் சேர்ந்து 2014இல் குழந்தைப் பாதுகாப்புக்கான பணிக்குழு அமைத்த பிறகு, ஆள் எடுக்கும் முறை வெகுவாக இறுகிவிட்டது. நீங்கள் இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நேரடியாகப் பேசாமல் நாங்கள் யாரையும் எடுப்பதில்லை. வேலை தேடுவதை அவருக்குத் தெரியாமல் வைத்திருப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்களை விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதினால் போதும், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. "ஒரு மாணவர் உங்களிடம் வந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒன்றைச் சொல்ல வந்தால்?" என்று கேட்போம். சத்தியம் செய்ய மாட்டேன், கேட்பேன், குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்வேன் என்பதுதான் நாங்கள் எதிர்பார்க்கும் பதில். பாடத்தில் கெட்டிக்காரர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்து போட்ட பிறகு ஒப்படைப்புக் குறிப்பு கேளுங்கள். எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது, யாருக்குக் கற்றல் உதவி தேவை, எந்தக் கருவி பழுதாகிக் கிடக்கிறது, இவ்வளவுதான். நல்ல பள்ளியில் அது ஏற்கெனவே தயாராக இருக்கும். இல்லாவிட்டாலும், கேட்டால் ஜூன் முடிவதற்குள் யாராவது உட்கார்ந்து எழுதித் தந்துவிடுவார்கள். ஜூலையில் கேட்டால் எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள்.