கதவுல ஒட்ட ரெண்டு மூணு வார்த்தையில இங்கிலீஷ் டேக்லைன், எப்படி எழுதுறது?

வெள்ளைச்சுவர்:
எல்லாருக்கும் வணக்கம். டிசைனர்ஸ், வீடியோ எடிட் பண்றவங்க, எழுதுறவங்கன்னு எல்லாரும் உக்காந்து வேலை பாக்குற மாதிரி ஒரு கிரியேட்டிவ் ஸ்பேஸ் ரெடி பண்ணிட்டு இருக்கோம். எடிட் சூட் (வீடியோ எடிட் பண்ற ரூம்), பாட்காஸ்ட் ரூம், போட்டோ ஸ்டூடியோ, பிரெயின்ஸ்டார்ம் பண்ண ஒரு பெரிய ரூம், போன் பேச குட்டி பூத், அப்புறம் யாரும் வாயே திறக்கக்கூடாத ரீடிங் ரூம். ஒவ்வொரு கதவுலயும் பேருக்குக் கீழ இங்கிலீஷ்ல ஒரு டேக்லைன் வேணும்னு பார்ட்னர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நான் எழுதுறது எல்லாமே 'வேர் ஐடியாஸ் கம் டு லைஃப்', 'அன்லீஷ் யுவர் கிரியேட்டிவிட்டி' ரகமாவே வருது, படிச்சா எனக்கே கொட்டாவி. ஏஐ கிட்ட குடுத்தா அதையே பாலிஷ் போட்டு திருப்பித் தருது. எங்கருந்து பிடிக்கிறது இதை?

காப்பிக்காரி:
எழுதின லைனை பக்கத்து ரூம் கதவுல மாத்தி ஒட்டிப் பாருங்க. அங்கயும் பொருந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடுங்க. நீங்க சொன்ன ரெண்டும் ஆறு ரூமுக்கும் பொருந்தும், லிஃப்ட்டுக்குக்கூட பொருந்தும் 😄

ரூமைப் பத்தி எழுதாதீங்க, உள்ள போறவங்க அங்க என்ன பண்ணணுமோ அதை எழுதுங்க. எடிட் சூட்ல என்ன நடக்குது, வெட்டுறாங்க, மனசே வராம வெட்டுறாங்க, அப்போ 'லூஸ் டென் செகண்ட்ஸ்', அதாவது பத்து செகண்டைத் தூக்குங்கன்னு. இதை போட்டோ ஸ்டூடியோல ஒட்டினா அர்த்தமே இல்ல பாருங்க, அதான் வேணும். ஸ்டூடியோவுக்கு 'ஃபைண்ட் த லைட்'. பாட்காஸ்ட் ரூம்ல பெரிய தலைவலியே எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறதுதான், எடிட்ல பிரிக்கிறது ரொம்ப கஷ்டம், அதனால 'ஒன் அட் எ டைம்'. பெரிய ரூமுக்கு 'பேட் ஐடியாஸ் ஃபர்ஸ்ட்', இப்படி போட்டா தயங்கி உக்காந்திருக்கவங்களும் வாய் திறப்பாங்க.

பழையவிளம்பரம்:
காப்பிக்காரி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். 1959ல ஃபோக்ஸ்வாகனுக்கு 'திங்க் ஸ்மால்', 1988ல நைக்கிக்கு 'ஜஸ்ட் டூ இட்', 1997ல ஆப்பிளுக்கு 'திங்க் டிஃபரண்ட்'. மூணுமே மூணு வார்த்தைக்கு மேல போகல, மூணும் 'பண்ணு'ன்னுதான் சொல்லுது, வினைச்சொல்தான் சுமக்குது. அகராதி பாக்க வேண்டிய வார்த்தை ஒண்ணுகூட இல்ல. அன்லீஷ், இக்னைட், எம்பவர், இன்ஸ்பயர் இந்த நாலையும் முதல்லயே தடை பண்ணிட்டு எழுதிப் பாருங்க, பாதி வேலை முடிஞ்சிடும்.

ஆனா விளம்பரத்தை அப்படியே காப்பி அடிக்காதீங்க. விளம்பரம் போற போக்குல பாக்குறவனை நிறுத்தணும். உங்க கதவை ஒரே ஆள் தினமும் பாக்கப் போறாரு. முதல் நாள் சிரிக்க வைக்கிற ஜோக் நாலாவது வாரம் எரிச்சல் ஆயிடும். அதனால ரொம்ப சாமர்த்தியமான லைனை விட கொஞ்சம் மந்தமான லைன் நல்லாவே தாங்கும்.

வெள்ளைச்சுவர்:
ஐயோ நான் இப்பதான் ரீடிங் ரூமுக்கு 'டர்ன் பேஜஸ், நாட் ஹெட்ஸ்'னு எழுதி பார்ட்னருக்கு அனுப்பினேன், அவருக்கு ரொம்ப பிடிச்சிருச்சு. பூத்துக்கு எதுவுமே தோணல.

காப்பிக்காரி:
'டர்ன் பேஜஸ்' மட்டும் வச்சுக்கோங்க, பின்பாதிதான் புளிக்கப் போற பகுதி. பூத்துக்கு தோணலன்னா சும்மா விடுங்களேன், எல்லா கதவும் பேசணும்னு என்ன சட்டம்? ரொம்ப வேணும்னா 'கீப் இட் ஷார்ட்', வெளிய நிக்கிறவங்களும் சந்தோஷப்படுவாங்க.

வினைல்கடை:
நான் கதவுல வினைல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுற ஆளு, எழுதுற ஆளு இல்ல. எழுத்து 1 இன்ச் உயரம்னா சுமார் 10 அடியில இருந்து சிரமமில்லாம படிக்கலாம், இந்தக் கணக்கை வச்சு வராண்டா எவ்ளோ நீளம்னு பாத்துட்டு சைஸ் முடிவு பண்ணுங்க. டேக்லைன் நீளமாச்சுன்னா எழுத்து சின்னதாகும், கிட்ட போய்தான் படிக்கணும். வளைஞ்சு வளைஞ்சு போற மெல்லிசு ஸ்க்ரிப்ட் ஃபாண்ட் வேண்டாம், வெட்டுறதும் கஷ்டம், கை பட்டு பட்டு ஓரம் உரிஞ்சிடும். ரூம் பேர் மட்டும் நேரடியா 'எடிட் சூட்'னே இருக்கட்டும், காலண்டர்ல புக் பண்றவங்க அதைத்தான் தேடுவாங்க.

பழையவிளம்பரம்:
கடைசில முற்றுப்புள்ளி வைப்பீங்களா? ஃபோக்ஸ்வாகன் வச்சாங்க. எனக்குப் பிடிக்கும், ஒரு உறுதி தெரியும்.

வினைல்கடை:
வச்சா எல்லா கதவுலயும் வைங்க, இல்லன்னா எங்கயும் வேண்டாம். சின்ன புள்ளிதான் முதல்ல உதிரும், அதையும் சொல்லிட்டேன். அப்புறம் முதல்ல ஏ4ல பிரிண்ட் எடுத்து டேப் போட்டு ஒட்டி கொஞ்ச நாள் விடுங்க, ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு பாருங்க. ஃபைல் அனுப்பும்போது எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது டைப் பண்ண எழுத்தை வெறும் வடிவமா மாத்தி அனுப்புங்க, இல்லன்னா எங்க சிஸ்டத்துல ஃபாண்ட் மாறிடும். ஆனா ஸ்பெல்லிங் பாத்துட்டு அவுட்லைன் பண்ணுங்க, அப்புறம் டைப் பண்ணித் திருத்த முடியாது.